அத்தியாயம் 6: தூதரின் அதிகாரம் எதுவரை?

குமரி மாவட்டத்தில் வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு மீனவ ஊர்களிலிருந்து பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் சவூதிக்கும் ஈரானுக்கும் மீன்பிடிக்கப் போகிறார்கள். கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கமிருந்து கொத்தனார்களும் வெல்டர்களும் டிரைவர்களும் நர்சுகளும் போகிறார்கள். அங்கே ஒருவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "எம்பஸியில சொன்னா ஆளை எறக்கித் தந்துருவாவ" என்பது. நாள் கடந்து எதுவும் நடக்காவிட்டால், "எம்பஸியில ஒண்ணும் செய்ய மாட்டாவ" என்று பேச்சு மாறிவிடும்.

இரண்டும் தவறு. தூதருக்கு என்னென்ன வேலை, எங்கே அவர் கை நீளும், எங்கே நின்றுவிடும் என்பதெல்லாம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் கையில் உள்ள வேலையைப் பெயர் சொல்லி, எழுத்தில், முதல் நாளிலேயே கேட்கும் குடும்பத்துக்கு உதவி வேகமாக வருகிறது. "எங்கள் ஆளை மீட்டுத் தாருங்கள்" என்று மட்டும் சொல்லும் மனுவை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பவற்றை இந்த அத்தியாயம் சொல்கிறது.

தூதரகத்தில் யார் யார்?

ஒரு நாட்டில் இந்திய அரசின் தலைமைப் பிரதிநிதி தூதர். குடியரசுத் தலைவர் தரும் நியமனப் பத்திரத்தை அந்த நாட்டின் தலைவரிடம் ஒப்படைத்துப் பொறுப்பேற்கிறவர். இலங்கை, மாலத்தீவு, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற காமன்வெல்த் நாடுகளில் இதே பதவியில் இருப்பவரை ஹை கமிஷனர் என்பார்கள். அதிகாரத்தில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

தூதரகம் தலைநகரில் இருக்கும். பெரிய நாடுகளில் வேறு நகரங்களில் துணைத் தூதரகங்களும் உண்டு. சவூதியில் ரியாத்தில் தூதரகம், ஜித்தாவில் துணைத் தூதரகம். அமீரகத்தில் அபுதாபியில் தூதரகம், துபாயில் துணைத் தூதரகம். ஈரானில் தெஹ்ரானில் தூதரகம் இருந்தாலும், தெற்குக் கரையில் தொழில் செய்யும் நம் மீனவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது பந்தர் அப்பாஸ் துணைத் தூதரகம். இலங்கையில் கொழும்பு ஹை கமிஷனுடன் யாழ்ப்பாணத்திலும் துணைத் தூதரகம் இருக்கிறது.

உங்கள் மனு தூதர் பெயருக்குப் போனாலும் அதைக் கையில் எடுப்பவர்கள் கான்சுலர் பிரிவு அல்லது தொழிலாளர் நலப் பிரிவு அதிகாரிகள்தான். பாஸ்போர்ட், கைது, மரணம், பத்திரம் என்றால் கான்சுலர் பிரிவு. சம்பளம், ஒப்பந்தம், முதலாளியோடு தகராறு என்றால் தொழிலாளர் நலப் பிரிவு. மனுவின் மேற்பகுதியிலேயே பிரிவின் பெயரை எழுதிவிடுங்கள்.

இன்னொரு செய்தி ஆழ்கடல் மீனவர்களுக்கானது. தூத்தூர் பகுதிப் படகுகள் சில வேளை டீகோ கார்சியாவைச் சுற்றியுள்ள பிரிட்டிஷ் கடற்பரப்பில் பிடிபடுகின்றன. அங்கே இந்தியத் தூதரகம் கிடையாது. அந்தத் தீவுகள் பிரிட்டனின் நிர்வாகத்தில் இருப்பதால் உங்கள் மனு லண்டனிலுள்ள இந்திய ஹை கமிஷனுக்கும் டெல்லி வெளியுறவு அமைச்சகத்துக்கும் போக வேண்டும். பிடித்தது எந்த நாட்டுக் கப்பல் என்பதைப் பொறுத்தே எந்தத் தூதரகம் என்பது முடிவாகிறது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட இரண்டு உடன்படிக்கைகள் இதற்கு அடிப்படை. முதலாவது, தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கை. தன் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வது, தன் குடிமக்களின் நலனைக் காப்பது, அந்த நாட்டு அரசோடு பேச்சு நடத்துவது ஆகியவை தூதரின் கடமைகள் என்று அதன் 3-ஆவது பிரிவு சொல்கிறது. குடிமக்களைக் காப்பதும் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள்தான் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 41-ஆவது பிரிவு, தூதர் அந்த நாட்டுச் சட்டங்களை மதிக்க வேண்டும், உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்கிறது.

இரண்டாவது, கான்சுலர் உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கை. பாஸ்போர்ட் கொடுப்பது, சிக்கலில் உள்ளவருக்கு உதவுவது, இறந்தவரின் சொத்தில் வாரிசுகளின் உரிமையைக் காப்பது, சிறைப்பட்டவரைப் பார்ப்பது எனச் சாதாரணக் குடிமகனுக்கு நேரடியாகத் தேவைப்படும் எல்லாமே இதில்தான் இருக்கின்றன.

இந்தியச் சட்டங்களும் தூதரக அதிகாரிகளுக்குச் சில அதிகாரங்களைத் தருகின்றன. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அவர்கள் உறுதிமொழி வாங்கலாம், நோட்டரி செய்யும் வேலையைச் செய்யலாம். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின்படி பாஸ்போர்ட் வழங்கலாம், முடக்கலாம். 1969 வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின்படி திருமணத்தை நடத்திப் பதிவு செய்யலாம்.

ஆக, தூதருக்குப் பேசவும், கேட்கவும், பார்க்கவும், சான்று தரவும் அதிகாரம் உண்டு. ஆணையிட அதிகாரம் இல்லை. அங்குள்ள காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ முதலாளிக்கோ அவர் உத்தரவு போட முடியாது. வழக்கை ரத்து செய்யவோ, உங்கள் கடனை அடைக்கவோ, அந்த நாட்டை விட்டு வெளியேறும் அனுமதியைத் தானே வழங்கவோ முடியாது. தூதரக வளாகத்துக்குள் உள்ளூர்ப் போலீஸ் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பது உண்மை. ஆனால் உள்ளே தங்கிக்கொண்டதால் வெளியே உள்ள வழக்கு தீர்ந்துவிடாது. என்றைக்காவது அந்த நாட்டுச் சட்டத்தின் வாசலைத் தாண்டித்தான் ஊருக்கு வர முடியும்.

நம் கடலில் நடந்த வழக்கு

தூதரின் அதிகாரமும் பாதுகாப்பும் எதுவரை என்ற கேள்வி, குமரி மீனவர்களின் படகு ஒன்றைச் சுற்றியே இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கைத் தெரிந்துகொண்டால் மேலே சொன்ன சட்டம் தெளிவாகிவிடும்.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் செயின்ட் ஆன்டனி என்ற விசைப்படகை நோக்கி, 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் நம் மாவட்டத்து இளைஞர். படகின் உரிமையாளரும் குமரி மாவட்டத்துக்காரர். கப்பலின் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருவர் கைதானார்கள்.

2013 பிப்ரவரியில், தங்கள் நாட்டுத் தேர்தலில் வாக்களித்துவிட்டு வர அவர்களுக்கு உச்ச நீதிமன்றம் நான்கு வாரம் அனுமதி தந்தது. அவர்கள் திரும்பி வருவார்கள் என்று அன்றைய இத்தாலியத் தூதர் டேனியலே மான்சினி நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தார். மார்ச் 11 அன்று, வீரர்களை அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி அறிவித்தது. மார்ச் 14 அன்று, தன் அனுமதியின்றித் தூதர் இந்தியாவை விட்டு வெளியேறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

தூதரைக் கைது செய்யக் கூடாது, தடுத்து வைக்கக் கூடாது என்கிறது 1961 உடன்படிக்கையின் 29-ஆவது பிரிவு. அவர் மீது வழக்குத் தொடுக்கவும் பொதுவாக முடியாது. அந்தப் பாதுகாப்பைக் கைவிடும் உரிமை அவரை அனுப்பிய அரசுக்குத்தான் உண்டு, அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது 32-ஆவது பிரிவு. ஆனால், தானே நீதிமன்றத்துக்கு வந்து உறுதிமொழி கொடுத்த ஒருவர் பிறகு அந்தப் பாதுகாப்பைக் காட்டித் தப்ப முடியாது என்பது நீதிபதிகளின் நிலைப்பாடு. சட்ட வல்லுநர்கள் இரு தரப்பாகப் பிரிந்து வாதிட்டார்கள். அந்த வாதம் முடிவதற்குள், மார்ச் 22 அன்று இரு வீரர்களும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இத்தாலிய வெளியுறவு அமைச்சர் சில நாட்களில் பதவி விலகினார்.

பின்னர் வழக்கு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2020-இல் தீர்ப்பானது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. இறந்த இருவரின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என ஒதுக்கி, 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இங்குள்ள வழக்கை முடித்து வைத்தது.

இதிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டு. ஒரு தூதர் எழுத்தில் தரும் வாக்கு அவருடைய அரசையே கட்டும் அளவுக்குக் கனமானது. அதனால்தான் தூதரகத்தின் பதிலை எப்போதும் எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாவது, எவ்வளவு பெரிய நாட்டின் தூதரானாலும் இன்னொரு நாட்டு நீதிமன்றத்தின் முன் மனுக்கொடுத்தே நிற்க வேண்டும். டெல்லியில் இத்தாலியத் தூதருக்கு இருந்த அதே எல்லைதான் ரியாத்தில் நம் தூதருக்கும்.

கைதானால்

கைதானவருக்கு மிகப் பெரிய பலம் 1963 உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு. அதில் நான்கு உரிமைகள் இருக்கின்றன.

1. "என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்" என்று கைதானவர் கேட்டால், போலீஸ் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.
2. இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதைப் போலீசே அவரிடம் சொல்ல வேண்டும்.
3. தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவரைப் பார்க்கலாம், பேசலாம், கடிதம் எழுதலாம்.
4. அவருக்கு வக்கீல் ஏற்பாடு செய்யலாம்.

முதல் உரிமையில் கைதானவர் கேட்டால் என்று இருப்பதைக் கவனியுங்கள். பயந்துபோய் வாய் திறக்காமல் இருந்துவிட்டால் தூதரகத்துக்குச் செய்தி போகாமலே இருக்கக்கூடும். புறப்படுமுன் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய வாசகம் ஒன்றே ஒன்று: "நான் இந்தியன், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்." அரபியிலும் ஆங்கிலத்திலும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். மொழி தெரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

இந்தப் பிரிவு வெறும் காகிதமில்லை. பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில், இந்திய அதிகாரிகள் அவரைச் சந்திக்கவிடாமல் பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறிவிட்டது என்று சர்வதேச நீதிமன்றம் 2019 ஜூலை 17 அன்று தீர்ப்பளித்தது.

மீனவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பும் உண்டு. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவின்படி, ஒரு நாட்டின் தனிப் பொருளாதாரக் கடற்பரப்பில் மீன்பிடித்ததற்காகப் பிடிபட்டால் நியாயமான பிணைத்தொகை கட்டியதும் படகையும் ஆட்களையும் விரைவில் விட வேண்டும். இரு நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாவிட்டால் இதற்குச் சிறைத் தண்டனை கூடாது. படகு எந்த நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டுக்கு உடனே தகவல் தர வேண்டும். ஆனால் இது கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு உட்பட்ட கடலுக்குப் பொருந்தாது. அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யாத ஈரான் போன்ற நாடுகளிடம் இதை வைத்து வாதாடுவதும் கடினம். பிடிபட்ட இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதால் அதை வயர்லெஸ்சிலோ சாட்டிலைட் போனிலோ கரைக்குச் சொல்லிவிடுவது படகை ஓட்டும் ஸ்ராங்கின் முதல் வேலை.

அரபு முதலாளியின் படகில் வேலை செய்பவருக்கு நிலைமை வேறு. படகு அந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது. நம் தூதரகம் படகுக்காகப் பேச முடியாது, ஆளுக்காக மட்டுமே பேசும். பக்கத்து நாட்டுக் கடலில் பிடிபட்டால், பிடித்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகம், முதலாளியின் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகம் என இரண்டுக்கும் மனு அனுப்புங்கள்.

குஜராத் துறைமுகங்களிலிருந்து தொழில் செய்து பாகிஸ்தானிடம் பிடிபட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. 2008 ஒப்பந்தப்படி இரு நாடுகளும் ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் கைதிகள் பட்டியலைப் பரிமாறுகின்றன. உங்கள் ஆளின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று வெளியுறவு அமைச்சகத்திடம் எழுதிக் கேளுங்கள்.

தண்டனை உறுதியாகி மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இல்லாதவர் மீதித் தண்டனையை இந்தியச் சிறையில் கழிக்க விண்ணப்பிக்கலாம். அதற்கான ஒப்பந்தம் சவூதி, அமீரகம், ஈரான், இலங்கை உட்படப் பல நாடுகளோடு இருக்கிறது. கைதியும் இரு அரசுகளும் சம்மதிக்க வேண்டும்.

சம்பளம் வராவிட்டால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கினால்

இந்தியப் பாஸ்போர்ட் முதலாளியின் சொத்தும் இல்லை, உங்கள் சொத்தும் இல்லை. 1967 சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி அது இந்திய அரசின் சொத்து. அதனால் "என் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருக்கிறார், மீட்டுத் தாருங்கள்" என்று கேட்பது தூதரகத்தின் அதிகாரத்துக்குள் நேராக வரும் கோரிக்கை. பாஸ்போர்ட் கிடைக்கவே கிடைக்காது என்றால், ஊருக்கு ஒருமுறை மட்டும் வரப் பயன்படும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் தரும்.

சம்பளப் பாக்கியைத் தூதரகம் வசூலித்துத் தர முடியாது. முதலாளியை அழைத்துப் பேசலாம், அந்த நாட்டுத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க உதவலாம், பிரச்சினை செய்யும் முதலாளிக்கு இனி இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க முடியாதபடி தடை செய்யலாம். புகாரில் கையெழுத்துப் போட வேண்டியவர் தொழிலாளியே. ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, முதலாளியோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவை இல்லாமல் அந்தப் புகார் நிற்காது.

வேலையிடத்தை விட்டு ஓடுவதற்கு முன்பு தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஓடிப்போனவர் என்று முதலாளி புகார் கொடுத்துவிட்டால் பாக்கி கேட்டவர் குற்றவாளி ஆகிவிடுவார். முதலில் உங்கள் புகார் பதிவாகியிருந்தால் அது பெரிய காப்பு.

2009 முதல் இந்தியத் தூதரகங்களிடம் இந்திய சமூக நல நிதி என்று ஒரு நிதி இருக்கிறது. கதியற்று நிற்பவருக்குத் தங்குமிடம், சாப்பாடு, ஊர் திரும்ப விமான டிக்கெட், அவசர மருத்துவம், வக்கீல் உதவி, சிறு அபராதம், இறந்தவர் உடலை அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கு அதிலிருந்து கொடுக்கலாம். வசதியில்லாதவர்களுக்கே முன்னுரிமை. எனவே மனுவில் குடும்பத்தின் வருமான நிலையைச் சொல்லி, "இந்திய சமூக நல நிதியிலிருந்து இன்ன உதவி வேண்டும்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இறந்துவிட்டால்

இந்த வேளையில் குடும்பத்தால் ஓட முடியாது. பக்கத்து வீட்டாரோ பங்கு அலுவலகத்தாரோ ஜமாஅத்தாரோ ஊர்த் தலைவரோ ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். அங்கே ஒரு நண்பர், இங்கே ஒரு ஆள் என இருவர் மட்டும் தூதரகத்தோடு பேசுவது நல்லது. பலர் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

தூதரகம் செய்ய வேண்டியவை: இறப்பைப் பதிவு செய்வது, பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, உடலை அனுப்பத் தடையில்லாச் சான்று தருவது. அதற்கு முன் அந்த நாட்டு இறப்புச் சான்றிதழும், விபத்து அல்லது இயல்பல்லாத மரணம் என்றால் போலீஸ் அறிக்கையும் வர வேண்டும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். குடும்பம் செய்ய வேண்டியது சம்மதக் கடிதம். உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா, யாரிடம் ஒப்படைக்கலாம் என்று நெருங்கிய வாரிசு எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மரணத்தில் சந்தேகம் இருந்தால் அதையும் அதே நாளில் எழுதிவிடுங்கள்.

நம் மாவட்டத்துக்குப் பெரும்பாலும் திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகத்தான் உடல் வரும். ஆம்புலன்சுக்குச் சொல்லும்போதே இறப்புச் சான்றிதழ், தடையில்லாச் சான்று, எம்பாமிங் சான்றிதழ், ரத்தான பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்களை போனில் வாங்கி வையுங்கள்.

அடக்கம் முடிந்ததோடு காரியம் முடியவில்லை. பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, விபத்து இழப்பீடு ஆகியவை வாரிசுகளுக்குச் சேர வேண்டியவை. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பணத்தைப் பெற்றுத்தர அதிகாரம் அளிக்கும் பத்திரத்தைத் தூதரகத்துக்கு அனுப்புங்கள். இறந்தவரின் பொருட்களில் வாரிசுகளின் உரிமையைக் காப்பது 1963 உடன்படிக்கை சொல்லும் கடமை.

போரும் நோயும் வந்தால்

2020-இல் கொரோனா பரவியபோது ஈரானின் தெற்குக் கரைத் துறைமுகங்களில் நம் மீனவர்கள் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். படகிலேயே தங்கி, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தவித்தார்கள். கடைசியில் இந்தியக் கடற்படையின் 'சமுத்திர சேது' நடவடிக்கையில் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாசிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்கு வந்தது. அதில் குமரி மாவட்ட மீனவர்கள் திரளாக இருந்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் யாரை எங்கிருந்து ஏற்றுவது என்ற பட்டியலைத் தயாரிப்பது தூதரகம்தான். வெளியேறும் அனுமதியை அந்த நாட்டிடம் கேட்டு வாங்குவதும் அதன் வேலை. பெயர், பாஸ்போர்ட் எண், இருக்கும் துறைமுகம், முதலாளி பெயர் இல்லாதவர் பட்டியலில் ஏற முடியாது. எனவே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே தூதரகத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஒரே துறைமுகத்தில் இருப்பவர்கள் ஒரு பட்டியல் எழுதி ஊரில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருப்பது இன்னும் நல்லது.

பத்திரங்களும் பதிவுகளும்

ஊரில் உள்ள நிலத்தை விற்கவோ வழக்கு நடத்தவோ பவர் கொடுக்க வேண்டுமென்றால் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திடலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பலரும் இதைத் தவறவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

குழந்தை அங்கே பிறந்தால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். 1955 குடியுரிமைச் சட்டப்படி குழந்தையின் இந்தியக் குடியுரிமைக்கு இது தேவை. கெடு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டிவரும்.

மனு எழுதும் முறை

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் வேலை வேகமாகும். மாதிரி இது:

பெறுநர்: இந்தியத் தூதர் (கான்சுலர் பிரிவு), இந்தியத் தூதரகம், ______ நகரம்.

பொருள்: சிறையில் உள்ள ______ என்பவரைச் சந்தித்து வக்கீல் உதவி தர வேண்டுதல்.

1. பெயர் ______. பாஸ்போர்ட் எண் ______. பிறந்த தேதி ______. விசா அல்லது இகாமா (தங்கும் அனுமதி அட்டை) எண் ______.

2. வேலை கொடுத்தவரின் பெயர், ஊர், போன் எண் ______.

3. நடந்தது: ______ தேதி ______ இடத்தில் ______ காவல் நிலையத்தார் கைது செய்தனர். குற்றச்சாட்டு ______. கடைசியாகப் பேசியது ______ தேதி.

4. வேண்டுவது: (அ) 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவின்படி அவரைச் சந்தித்து உடல்நிலையைத் தெரிவிக்க வேண்டும். (ஆ) குற்றச்சாட்டின் நகலும் அடுத்த விசாரணைத் தேதியும் வேண்டும். (இ) சமூக நல நிதியிலிருந்து வக்கீல் உதவி வேண்டும்.

5. நான் அவருடைய ______ (உறவு). என் முகவரி, போன் எண் ______. இணைப்பு: பாஸ்போர்ட் நகல், விசா நகல், ஒப்பந்தம், உறவைக் காட்டும் ஆவணம்.

நான்காவது பத்திதான் மனுவின் உயிர். கேட்பவை எல்லாம் தூதரகம் செய்யக்கூடியவையாக இருக்கட்டும். நடந்ததை எழுதும்போது மிகைப்படுத்தாதீர்கள், மறைக்காதீர்கள். விசா முடிந்து தங்கியிருந்தாலும், மது வழக்கு இருந்தாலும், அதை எழுதிவிடுங்கள். அதிகாரி அங்கே போய் வேறு கதை கேட்டால் உங்கள் மனுவின் நம்பகம் போய்விடும்.

பதில் வராவிட்டால்

1. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். கிடைக்கும் பதிவு எண்ணை எழுதி வையுங்கள். அடுத்து எங்கே போனாலும் அந்த எண்ணோடு போங்கள்.

2. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மீனவர் என்றால் மீன்வளத் துறைக்கும் நகல் போகட்டும்.

3. சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கு எழுதுங்கள். மாநில அரசு தூதரகத்தோடு பேசுவது இதன் வழியாகத்தான்.

4. நாடாளுமன்ற உறுப்பினரிடம் பதிவு எண்ணோடு மனுக் கொடுங்கள்.

5. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தூதரகங்களுக்கும் பொருந்தும். "என் மனு மீது இதுவரை எடுத்த நடவடிக்கை என்ன?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

6. இவை எதுவும் பலிக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வெளிநாட்டு அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியாது. தூதரகத்தின் மூலம் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட முடியும்.

தரகர்கள் இந்த நேரத்தில்தான் வருவார்கள். எம்பஸியில் ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்பார்கள். மேலே சொன்ன மனு எதற்கும் தரகர் தேவையில்லை. நகையை அடகு வைத்த பணத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

புறப்படுமுன்

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983 எமிகிரேஷன் சட்டப்படி அரசின் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியோடு போகிறவரின் ஒப்பந்தம் அரசின் பதிவில் ஏறுகிறது, பிரச்சினை வந்தால் தூதரகம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடிகிறது. டூரிஸ்ட் விசாவில் போனவருக்கு அந்தப் பிடி கிடையாது. ஈரான் இந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகவே அங்கே போகும் மீனவர்கள் ஒப்பந்தத்தைத் தாங்களே இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்தான். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டைக் கட்டாயம் எடுங்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் கிடைக்கும்.

வீட்டில் ஒரு உறையில் இவை இருக்கட்டும்: பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், விசா நகல், ஒப்பந்தம், காப்பீட்டு நகல், முதலாளியின் முகவரியும் போன் எண்ணும், உடன் வேலை செய்யும் இருவரின் எண்கள், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண், மதத் தளத்தில் நுழையும் விவரம். உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். இகாமா கையில் கிடைத்ததும் அதன் நகலையும் அனுப்பச் சொல்லி அதே உறையில் சேர்த்துவிடுங்கள். மேலே உள்ள மாதிரி மனுவின் முதல் இரண்டு பத்திகளை இந்தத் தாள்களைப் பார்த்து இன்றே நிரப்பி வைக்கலாம்.